பழைய புல்வெட்டும் இயந்திரமா? எஞ்சினில் அச்சடித்த எண்களைப் பாருங்கள்

பழைய புல்வெட்டும் இயந்திரத்துக்கு உதிரிபாகம் தேடும்போது இயந்திரத்தின் மேலே உள்ள பெயரை மட்டும் நம்ப வேண்டாம். இயந்திரத்தைச் செய்தவர் ஒருவர், எஞ்சினைச் செய்தவர் இன்னொருவர் என்பது அந்தக் காலத்தில் மிகச் சாதாரணம். இங்கிலாந்து இயந்திரங்களில் வில்லியர்ஸ், ஜே.ஏ.பி. எஞ்சின்கள் நிறைய இருக்கும். அமெரிக்க இயந்திரம் என்றால் பெரும்பாலும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், டெகும்சே, கோலர்.

பிரிக்ஸ் எஞ்சினில் வேலை சுலபம். விசிறி மூடியில் மாடல், டைப், கோடு (code, தயாரிப்புக் குறியீடு) என மூன்று எண்கள் அச்சடித்திருக்கும். மாடல் 130202 என்றால் கொள்ளளவு ஏறக்குறைய 13 கன அங்குலம். பிற்கால எஞ்சின்களில் கோடு எண் 840315 என்று தொடங்கினால், அது 1984 மார்ச் 15-இல் தயாரானது. எவ்வளவு அருமையான ஏற்பாடு!

எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், தேய்ந்த எண் அதோடு அழிந்துவிடும். மூன்று எண்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று: விசிறி மூடியை யாராவது வேறு எஞ்சினிலிருந்து மாற்றியிருக்கலாம். அதனால் கார்புரேட்டரோ கேஸ்கட்டோ வாங்கும் முன் பழையதைக் கழற்றி, துளைகளின் இடைவெளியை ஒருமுறை அளந்து பாருங்கள்.