தலைக்காயத்துக்குப் பின் மறுவாழ்வு சிகிச்சை: தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர் பிழைத்து வீடு திரும்பிவிடுகிறார். நடக்கிறார், பேசுகிறார். ஆனால் அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் இருக்காது. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார். அப்புறம் ஒரு ராத்திரி, வீட்டில் யாராவது போனை எடுத்து "மூளைக்காயத்துக்கு நல்ல சிகிச்சை" என்று தேடுவார்கள். முதல் தவறு அதுதான்.

காயத்தின் பெயரை மட்டும் போட்டால் விளம்பரங்கள்தான் வந்து குவியும். என்ன தொல்லை என்று சேர்த்துத் தேடுங்கள்: மறதியா, கவனம் நிற்கவில்லையா, கோபமா? ஒவ்வொன்றுக்கும் ஆய்வுகள் தனித்தனி. சிட்னியில் 2004-ல் தொடங்கிய சைக்பைட் என்ற இலவசத் தரவுத்தளத்தில் (இப்போது நியூரோபைட்) இப்படிப் பிரச்சினை வாரியாகவே ஆய்வுகளைத் தேடலாம்.

அங்கே பல ஆய்வுகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இருக்கும். பரீட்சை மார்க் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். 8 என்றால் சிகிச்சை பிரமாதம் என்று நினைத்துக்கொள்வோம். அந்த மதிப்பெண் சிகிச்சைக்கு அல்ல, ஆய்வு நடத்திய முறைக்கு. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா, சோதித்துப் பார்த்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாமல் இருந்ததா என்பதையெல்லாம்தான் அது பார்க்கிறது. பலனே இல்லை என்று கண்டுபிடித்த ஆய்வும் 8 வாங்கலாம்.

"மூணே மாசத்துல சரியாயிட்டார்" என்ற வீடியோவிலும் கவனம் தேவை. அடிபட்ட முதல் சில மாதங்களில் மூளை தானாகவே ஓரளவு தேறும். அதே காலத்தில் அந்தச் சிகிச்சை இல்லாதவர்கள் எவ்வளவு தேறினார்கள் என்று தெரியாமல் எதையும் சொல்ல முடியாது.

நிறையப் பேர் விழும் குழி மூளைப் பயிற்சி விளையாட்டு. லுமோசிட்டி என்ற செயலியை நடத்தும் நிறுவனம், பக்கவாதம், தலைக்காயம் போன்றவற்றால் வரும் அறிவாற்றல் குறைபாட்டைக்கூட அது குறைக்கும் என்று விளம்பரம் செய்ததாக, அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேடு கமிஷன் குற்றம்சாட்டியது. 2016-ல் லுமோசிட்டி நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. விளையாட்டில் பத்தாவது லெவல் போனவர் அப்போதும் கேஸ் அடுப்பை அணைக்க மறந்துகொண்டிருக்கலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "அலாரம் வெச்சுப் பழகினா மூளை சோம்பேறியாயிடும்" என்று டைரியையும் போன் நினைவூட்டலையும் ஒதுக்குவது. இங்கிலாந்தில் உளவியலாளர் பார்பரா வில்சன் குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், நினைவிலும் திட்டமிடலிலும் சிரமப்பட்ட 143 பேருக்கு, உரிய நேரத்தில் ஒலித்து வேலையை நினைவூட்டும் பேஜர் கொடுத்துப் பார்த்தார்கள். 16 வார ஆய்வை முடித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மாத்திரை போடுவது போன்ற அன்றாட வேலைகளைத் தவறாமல் செய்வதில் நன்றாகவே முன்னேறினார்கள். சாதாரணப் பேஜர்தான். எனக்கு விலையுயர்ந்த கருவிகளைவிட இதன்மேல்தான் நம்பிக்கை.

சரி, சிகிச்சையாளரைப் பார்க்கப் போகும் முன் என்ன செய்வது? பலர் "மறதி ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பலன் கிடைத்ததா என்று கேட்டால் பதில் இருக்காது. அதனால் இரண்டு வாரம் தினசரிக் காலண்டரில் குறித்து வையுங்கள்: காலை மாத்திரையை யாரும் சொல்லாமல் போட்டாரா, அடுப்பை அணைத்தாரா. சிகிச்சை தொடங்கிய பிறகும் அதே இரண்டையும் அதே காலண்டரிலேயே குறித்து வாருங்கள்.