கொலஸ்ட்ரால் அறிக்கையை வைத்து இதய நோய் அபாயத்தைக் கணிப்பது எப்படி?

இரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் பெரும்பாலோர் மொத்தக் கொலஸ்ட்ரால் 200-ஐத் தாண்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள்; தாண்டியிருந்தால் கலங்குகிறார்கள், இல்லையென்றால் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த ஓர் எண்ணால் எதையும் கணித்துவிட முடியாது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் என்னும் ஊரில் 1948-இல் 5,209 பேருடன் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, கொலஸ்ட்ராலும் இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் ஒருவரிடம் ஒன்றுசேரும்போது அபாயம் எப்படி ஏறுகிறது என்பதைக் காட்டியது. இன்று புழக்கத்தில் உள்ள கணிப்பு முறைகள் அந்த வழியில் வந்தவையே.

கணக்குக்கு ஒரு மாதிரி அறிக்கையை எடுத்துக்கொள்வோம்: மொத்தக் கொலஸ்ட்ரால் 228, எச்.டி.எல். ('நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படுவது) 42, ட்ரைகிளிசரைடு (இரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு) 180. மூன்றும் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அலகில் உள்ளன.

முதற்படி: அறிக்கை கணக்குக்கு உகந்ததா?

கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்பு ஆகியவற்றை ஒட்டி எடுத்த அளவுகளும் கருவுற்றிருக்கும் காலத்து அளவுகளும் ஒருவரின் வழக்கமான நிலையைக் காட்டா. சாப்பிட்டபின் ட்ரைகிளிசரைடு ஏறும். மொத்தக் கொலஸ்ட்ராலும் எச்.டி.எல்.லும் அவ்வளவாக மாறுவதில்லை. ஒரே ஆளுக்கே வாரத்துக்கு வாரம் அளவு சற்றுக் கூடிக் குறையும் என்பதால், ஒற்றைப் பரிசோதனையைவிடச் சில வார இடைவெளியில் எடுத்த இரண்டு பரிசோதனைகளை நம்புவது நல்லது.

இரண்டாம் படி: எல்.டி.எல்.லைக் கண்டுபிடித்தல்

பல ஆய்வகங்கள் 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை; 1972-இல் வெளியான ஃப்ரீட்வால்ட் வாய்ப்பாட்டைக் கொண்டு கணக்கிட்டே அச்சிடுகின்றன. ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து, அந்த ஈவையும் எச்.டி.எல்.லையும் மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். நம் மாதிரியில் 180-ஐ ஐந்தால் வகுக்க 36. 228-இலிருந்து 42-ஐயும் 36-ஐயும் கழிக்க 150.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அதே நபரின் ட்ரைகிளிசரைடு 480 என்று வைத்துக்கொண்டால், ஈவு 96 ஆகி எல்.டி.எல். வெறும் 90 என்று வரும். பார்ப்பதற்கு மிக நல்ல எண். ஆனால் பொய்யான எண். ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கு என்பது, ட்ரைகிளிசரைடைச் சுமந்து செல்லும் வி.எல்.டி.எல். துகள்களில் உள்ள கொலஸ்ட்ராலுக்கான உத்தேசமே தவிர அளவீடு அன்று. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்த விகிதம் நிலைப்பதில்லை. அப்போது எல்.டி.எல்.லை நேரடியாக அளந்து தரும்படி கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: ஒரே ஒரு கழித்தல்

மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்தால் 186 கிடைக்கிறது. தமனிச் சுவரில் படியக்கூடிய துகள்கள் அனைத்தும் சுமக்கும் கொலஸ்ட்ரால் இதில் அடங்கும். ட்ரைகிளிசரைடு 180 ஆனாலும் 480 ஆனாலும் இந்த 186 மாறுவதில்லை. அறிக்கையில் ஒரே ஓர் எண்ணைப் பார்க்கச் சொன்னால் நான் இதைத்தான் பார்ப்பேன். ஐரோப்பாவின் 2021-ஆம் ஆண்டு ஸ்கோர்-2 என்ற அபாயக் கணிப்பு முறையும் இதையே பயன்படுத்துகிறது. எச்.டி.எல்.லுக்கு 'நல்ல கொலஸ்ட்ரால்' என்று பெயர் வைத்ததால் வந்த வினை, அது உயர்வாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பு. மருந்து கொடுத்து அதை உயர்த்திப் பார்த்த பெரிய ஆய்வுகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

நான்காம் படி: மற்ற விவரங்களைச் சேர்த்தல்

வயது, பாலினம், மேல் இரத்த அழுத்தம் (இரத்த அழுத்தத்தின் இரண்டு எண்களில் பெரியது), சர்க்கரை நோய் உண்டா, புகைப்பழக்கம் உண்டா என்ற ஐந்தும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் திருத்திய அட்டவணைகள் உலகை 21 பிராந்தியங்களாகப் பிரித்து, 40 முதல் 74 வயது வரையுள்ளோருக்குப் பத்தாண்டு அபாயத்தை வண்ணக் கட்டங்களில் தருகின்றன. ஒரு நாட்டுக்காக உருவான கணிப்பான் இன்னொரு நாட்டில் கூட்டியோ குறைத்தோ காட்டலாம். எனவே தம் பிராந்திய அட்டவணையையே எடுக்க வேண்டும்.

புதியவர்கள் இடறும் இடம் அலகு. இந்த அட்டவணைகளில் கொலஸ்ட்ரால் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற கணக்கில் இருக்கும். மில்லிகிராம் எண்ணை 38.67-ஆல் வகுத்தால் மில்லிமோல் வரும். நம்முடைய 228, ஏறத்தாழ 5.9 ஆகிறது.

இப்போது இதே அறிக்கையை இருவருக்குப் பொருத்திப் பாருங்கள். ஒருவர் 42 வயதுப் பெண். புகைப்பதில்லை, சர்க்கரை நோய் இல்லை, மேல் அழுத்தம் 116. மற்றவர் 63 வயது ஆண். புகைப்பவர், மேல் அழுத்தம் 152. கொலஸ்ட்ரால் இம்மியும் மாறவில்லை. ஆனாலும் அந்த ஆணின் அபாயம் அந்தப் பெண்ணுடையதைப் போலப் பல மடங்காக வரும்.

ஐந்தாம் படி: விழுக்காட்டைப் படித்தல்

பத்தாண்டு அபாயம் 12 விழுக்காடு என்றால், இதே விவரங்கள் கொண்ட நூறு பேரில் ஏறக்குறைய 12 பேருக்குப் பத்தாண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடும் என்று பொருள். அந்தப் பன்னிரண்டு பேர் யார் யார் என்பதை எந்தக் கணிப்பானும் சொல்லாது. கணக்கில் வயதின் கை ஓங்கியிருப்பதால், இளையவருக்குக் கொலஸ்ட்ரால் மிகுந்திருந்தாலும் விழுக்காடு சிறிதாகவே வரும். இந்தக் குறையை ஈடுகட்டவே, அமெரிக்க இதயச் சங்கம் 2023-இல் வெளியிட்ட ப்ரிவென்ட் முறை, 30 முதல் 59 வயதுள்ளோருக்கு முப்பதாண்டு அபாயத்தையும் சேர்த்துக் கணிக்கிறது.

சிலருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் கணிப்புக்குக் காத்திராமல் உயர் அபாயப் பிரிவில் சேர்க்கப்படுவார்கள். எல்.டி.எல். 190 அல்லது அதற்கு மேல் இருந்தால், விழுக்காடு எதுவாயினும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்ட்ரால் அதன் பின்னணியில் இருக்கக்கூடும், அப்படியானால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை தேவைப்படும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவரின் எண் மருந்தால் குறைந்த எண் என்பதால், மருத்துவரிடம் செல்லும்போது மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த பழைய அறிக்கையையும் கொண்டுசெல்ல வேண்டும்.