கொக்கில் தொடங்காதீர்கள்: பார்வை இழந்தவர்களுக்குக் காகித மடிப்பு கற்பிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், பார்வை இழந்தவர்களுக்கு முதன்முதலாக ஓரிகாமி என்னும் ஜப்பானியக் காகித மடிப்பைச் சொல்லிக்கொடுக்கப் போனபோது நான் தேர்ந்தெடுத்தது கொக்கு. ஓரிகாமி என்றாலே கொக்குதான் என்ற நினைப்பு. அரை மணி நேரத்தில் மண்டபமே சோர்ந்துவிட்டது. கொக்கின் நடுக்கட்டத்தில் ஓர் அடுக்கைத் தூக்கி, இரு ஓரங்களையும் உள்ளே அமுக்கி, நீட்டிப் படியவைக்க வேண்டும். கண் தெரிந்தவர்களே தடுமாறும் இடம் அது. எனக்கு எதிரில் இருந்த அம்மா தாளைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, திருநீறு மடிக்கச் சொன்னால் மடிப்பேன்” என்றார். மடித்தும் காட்டினார். கவிழ்த்தாலும் சிந்தாத பொட்டலம்.

அங்கிருந்துதான் நான் தொடங்கியிருக்க வேண்டும். திருநீற்றுப் பொட்டலம், வெற்றிலை மடிப்பு, மழைநாளில் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வாய்க்காலில் விட்ட கப்பல் எல்லாம் இந்தக் கைகளில் ஏற்கெனவே இருக்கின்றன. பொட்டலத்துக்குப் பிறகு காகிதக் கோப்பைக்குப் போகலாம். சில மடிப்புகளில் முடிந்துவிடும். முடிந்ததும் வறுத்த கடலையைப் போட்டுச் சாப்பிடலாம். கொக்கு காத்திருக்கட்டும்.

பார்வை போனவருக்கு விரலிலேயே கண் முளைத்துவிடும் என்று நாம் வசதியாக நம்பிக்கொள்கிறோம். எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் ஐம்பது வயதுக்கு மேல் நீரிழிவால் பார்வையை இழந்தவர்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இந்தியர்களிடையே விகிதம் அதைவிடக் கூடுதல். விழித்திரையைக் கெடுத்த அதே சர்க்கரை நரம்புகளையும் கெடுக்கிறது. பாதத்தில் தொடங்கும் மதமதப்பு நாளடைவில் விரல் நுனிக்கும் வரலாம். முப்பது ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் காய்த்துப்போன கை வேறு. இவர்களிடம் பிரெய்ல் குறிப்பை நீட்டுவதும் தவறுதான். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரிலிருந்து அது இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். அறுபது வயதில் அவ்வளவு தூரம் போய்ப் புள்ளி எழுத்துக் கற்றவர் எங்கள் குழுவில் ஒருவரும் இல்லை. முதலில் கேளுங்கள்: பிரெய்ல் தெரியுமா, விரலில் உணர்ச்சி எப்படி இருக்கிறது, வெளிச்சமோ நிறமோ கொஞ்சமாவது தெரிகிறதா?

விரல் நுனி மரத்தாலும் மணிக்கட்டு மறப்பதில்லை. விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில், மரத்துக்குக் காயம்படாத ஆழத்தில் பட்டையைச் சீவியவர்கள் இவர்கள். எவ்வளவு அழுத்த வேண்டும், எந்தச் சாய்வில் இழுக்க வேண்டும் என்பதை நான் இவர்களுக்குக் கற்பிக்க வேண்டியதே இல்லை. மடிப்பை அழுத்த ஐஸ்கிரீம் குச்சியோ கரண்டியின் முதுகோ கொடுத்தால் போதும், கத்திவிளிம்பு போல் பதிகிறது.

கடையில் கிடைக்கும் 15 சென்டிமீட்டர் ஓரிகாமித் தாள் இவர்களுக்குச் சிறியது. ஏ4 தாளிலிருந்து 21 சென்டிமீட்டர் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் வெட்டுவதில் அலட்சியம் கூடாது. தாள் இரண்டு மில்லிமீட்டர் கோணலாக இருந்தால் கண் அதைச் சமாளித்துக்கொள்ளும். விரலுக்கோ, விளிம்பு விளிம்போடு சேர்ந்ததா என்பது ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியைப் பொய்யாக்கிவிட்டு, “நீங்கள் சரியாக மடிக்கவில்லை” என்று சொல்வது அநியாயம்.

மாலை மழைக்குப் பிறகு தாள் ஈரம் குடித்துத் துவண்டுவிடும், மடிப்பு நிற்காது. பிஸ்கட் டின்னில் மூடி வையுங்கள். மின்விசிறியில் தாள் பறக்காமலிருக்க விளிம்புள்ள தட்டு வேண்டும். ஓரளவு பார்வை உள்ளவர்களுக்குக் கறுப்புத் தட்டில் மஞ்சள் தாள். பளபளப்புத் தாள் கண்ணைக் கூசவைக்கும்.

ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005) உருவாக்கிய புள்ளிக்கோடும் அம்புக்குறியுமான முறைதான் இன்று ஓரிகாமிப் புத்தகங்களின் பொதுமொழி. அது முழுக்கக் கண்ணுக்கான மொழி. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு, “இதை இப்படி அங்கே கொண்டுபோங்கள்” என்று சொன்னால் கேட்பவருக்கு எதுவும் கிடைக்காது. “உங்கள் வயிற்றுப் பக்கம் உள்ள விளிம்பைத் தூக்கி எதிர் விளிம்போடு சேருங்கள்” என்று சொல்லுங்கள். எல்லா மடிப்பும் உடம்பிலிருந்து வெளியே போகட்டும். வேறு பக்கம் மடிக்க வேண்டுமானால் தாளைத் திருப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு மாதிரியை மடித்து, அட்டையில் வரிசையாக ஒட்டி, ஆளுக்கு ஓர் அட்டை கொடுங்கள். ஒரே மாதிரியைப் பத்துப் பேரிடம் சுற்றவிட்டால் கடைசி ஆளிடம் வரும்போது அது கசங்கிய தாள்தான்.

என் மனத்தை மிகவும் வருத்துவது வேறு. தொண்டூழியர்கள் சட்டென்று கையைப் பிடித்து மடிக்கவைக்கிறார்கள். இன்னும் சிலர் கோணலான மடிப்பைச் சத்தமில்லாமல் நேராக்கிவிடுகிறார்கள். மடித்தவர் அதைத் தன் வேலை என்று நம்பி வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அன்பால்தான் செய்கிறோம், ஆனாலும் அவரிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொள்கிறோம். கோணல் என்றால் கோணல் என்று சொல்லுங்கள், எந்த முனையில் என்றும் சொல்லுங்கள். பிரித்து மீண்டும் அவரே மடிப்பார். தொட்டுக் காட்டத்தான் வேண்டுமென்றால், கேட்டுவிட்டு, உங்கள் கையைக் கீழே வைத்து அவர் கையை அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு முன் மண்டபத்தில் கண்காட்சி வைத்தோம். மேசைமேல் யாரோ வழக்கம்போல் “தொடாதீர்கள்” என்று அட்டை வைத்திருந்தார்கள். மடித்தவர்களே தங்கள் கோப்பையைத் தேடிவந்து, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் மேசைக்கு முன்னால் நின்றார்கள். அட்டையை எடுத்துவிட்டு, கசங்கினால் மாற்றிவைக்க அவர்களிடமே இன்னும் இருபது கோப்பைகள் மடித்து வாங்கிக்கொண்டோம்.