உப்புத்தண்ணீர் மீன்தொட்டிக்குச் சொந்தமாகச் சாமான் செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபத்திலிருந்து கீழக்கரை வரை, கடல் மீனை வீட்டில் வளர்க்க ஆசைப்படும் பையன்கள் நிறையப் பேர் என்னிடம் போட்டோ அனுப்பி யோசனை கேட்கிறார்கள். ஸ்கிம்மர் (குமிழி விட்டு அழுக்கை நுரையாகப் பிரிக்கும் சாமான்), கீழ்த்தொட்டி, மிதவை வால்வு (மட்டம் குறைந்தால் தானே திறந்து தண்ணீர் விடுவது) எல்லாவற்றையும் கடையில் வாங்கக் கட்டுப்படியாகாது என்று பிவிசி பைப்பையும் கண்ணாடியையும் வைத்துத் தாங்களே செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு காலத்தில் நாங்கள் செய்த கோளாறுகள் அப்படியே அந்தப் போட்டோக்களில் வரிசையாக நிற்கின்றன. மீனை அடைக்காதே, தீனியை அள்ளிப் போடாதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்வது, அதை விட்டுவிடுகிறேன். சாமான் செய்வதில் வரும் தவறுகளை மட்டும் பார்க்கலாம்.

குறைந்த தண்ணீருக்குக் கடல் தண்ணீரையே ஊற்றுவது

கடல் பக்கத்திலேயே இருப்பதால் நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தவறு இது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். அதன்மேல் மறுபடியும் கடல் தண்ணீரை ஊற்றினால் 1.025 இருக்க வேண்டிய அடர்த்தி கொஞ்சம் கொஞ்சமாக 1.030ஐத் தாண்டிவிடும். குறைந்ததற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும் என்பதால் ஆர்.ஓ. தண்ணீர் நல்லது.

பாதித் தண்ணீரை மாற்றும்போது மட்டும் கடலுக்குப் போங்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கிக் கிடக்கும், ஐப்பசி கார்த்திகையில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கலங்கும். எந்தப் பக்கம் தெளிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் எடுங்கள். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள்.

செம்பு, பித்தளை

எங்கேயும் வேண்டாம். நிக்கல் பூசிய பித்தளையும் பித்தளைதான். இறாலும் நத்தையும் முதலில் சாகும்.

கரண்ட் போவதை நினைக்காமல் கீழ்த்தொட்டி கட்டுவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் இது தெரியாமல் வருகிற தவறு இல்லை, கணக்குப் போடாததால் வருவது.

மேல்தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் கீழ்த்தொட்டிக்கு வருகிறது. மோட்டார் அதை மறுபடி மேலே தள்ளுகிறது. மோட்டார் ஓடும்வரை எல்லாம் அழகாக இருக்கும். அது நின்றதும், கேனிலிருந்து டியூபில் உறிஞ்சி மண்ணெண்ணெய் இறக்குவதுபோல, மேலே தள்ளிய அதே குழாய் வழியாகத் தண்ணீர் கீழே இறங்கத் தொடங்கும். குழாயின் வாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் முங்கிக் கிடக்கிறதோ, அந்த மட்டம் வரை இறங்கித்தான் நிற்கும்.

கணக்குப் பாருங்கள். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம் என்றால் ஏறக்குறைய 120க்கு 45 செ.மீ. ஒரு செ.மீ. உயரத் தண்ணீர் 5.4 லிட்டர். குழாய் வாய் 10 செ.மீ. முங்கியிருந்தால் 54 லிட்டர் கீழே வரும். கீழ்த்தொட்டி 60க்கு 35 என்று வைத்துக்கொள்வோம். மேலே 7 செ.மீ. இடம் விட்டிருந்தால் அது 15 லிட்டர்கூடப் பிடிக்காது. மிச்சம் 39 லிட்டர் எங்கே போகும்?

கீழக்கரையில் ஒரு தம்பி வீட்டில் ஹாலுக்குத்தான் போனது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்திய நாள் அது, அவன் வேலைக்குப் போயிருந்தான். “வீட்டுக்குள்ள கடல் வந்துருச்சு வாப்பா” என்று அவன் உம்மா போன் செய்தாராம். போனது பாயும் மர அலமாரியின் அடிப்பலகையும் மட்டும் என்றால் பரவாயில்லை. மதியம் கரண்ட் வந்ததும் மோட்டார் மறுபடி மேல்தொட்டியை நிரப்பியது, கீழ்த்தொட்டியில் மட்டம் அடியோடு இறங்கியது. உடனே மிதவை வால்வு திறந்துகொண்டது. அதை அவன் மாடித் தொட்டி லைனில் நேராகக் கொடுத்திருந்தான். தரையில் கொட்டிய 39 லிட்டர் உப்புத்தண்ணீருக்குப் பதில் 39 லிட்டர் நல்ல தண்ணீர் உள்ளே வந்தது. மொத்தம் 250 லிட்டர் ஓடும் தொட்டியில் ஆயிரத்துக்கு 35 இருந்த உப்பு, ஒரே மதியத்தில் 30க்குக் கீழே போய்விட்டது. மீன்கள் ஒருவழியாகத் தாக்குப்பிடித்தன. இறால் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“என்.ஆர்.வி. போட்டிருந்தேனே அண்ணே” என்றான். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுக்கும் வால்வைத்தான் சொல்கிறான். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. நல்ல தண்ணீர் லைனில் அந்த வால்வு நன்றாக வேலை செய்யும். கடல் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் பாசியும் அதன் மடிப்பில் படியும், குட்டி நத்தை ஒன்று நுழைந்தாலே போதும், மூடவே மூடாது. போடுவதானால் போடுங்கள், நம்பிக் கீழ்த்தொட்டியை நிரப்பாதீர்கள்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. குழாய் வாயை மேல் மட்டத்துக்குக் கிட்டே கொண்டுவாருங்கள். அதோடு, மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே வருகிற இடத்தில் அந்தக் குழாயில் 6 மி.மீ. ஓட்டை போடுங்கள். தண்ணீர் அதுவரை இறங்கியதும் ஓட்டை காற்றை உள்ளே இழுக்கும், இறக்கம் அறுந்துவிடும். குழாயில் கிடப்பதோடு சேர்த்து ஏறக்குறைய 10 லிட்டரோடு முடிந்துவிடும். மோட்டார் ஓடும்போது அந்த ஓட்டை வழியாகவும் தண்ணீர் பீய்ச்சும், அது இயல்பு. இதை ‘லீக்’ என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்த ஒரு மகராசனையும் பார்த்திருக்கிறேன். ஓட்டையைக் கீழ்நோக்கிப் போட்டால் சத்தம் வராது. வாரம் ஒருமுறை பல்குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள், பாசி அடைத்தால் ஓட்டை இருந்தும் இல்லாததுதான்.

அப்புறம் சோதனை. மோட்டார் ஓடும்போது கீழ்த்தொட்டியில் மார்க்கரால் கோடு போட்டு, பிளக்கை நீங்களே பிடுங்குங்கள். தண்ணீர் ஏறி நின்ற பிறகும் விளிம்புக்கு நாலு விரல் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோட்டைக் கீழே இறக்குங்கள். திரும்பப் போடும்போதும் நின்று பாருங்கள். கண்ணாடியில் ஓட்டை போடப் பயந்து விளிம்பில் வளைகுழாய் மாட்டியவர்களுக்கு ஆபத்து இங்கேதான். வளைவில் காற்று தங்கிவிட்டால் தண்ணீர் கீழே வராது, மோட்டாரோ தள்ளிக்கொண்டே இருக்கும். கண்ணாடியில் ஓட்டை போடுவதே மேல், டஃபன்ட் (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது ட்ரில் பட்டதும் நொறுங்கிவிடும். மிதவை வால்வை ஒரு வாளியோடு மட்டும் இணையுங்கள். கோளாறு வந்தாலும் அந்த வாளித் தண்ணீரோடு போகும்.

ஸ்கிம்மரை நல்ல தண்ணீரில் ஓட்டிப் பார்த்துத் தூக்கிப் போடுவது

நல்ல தண்ணீரில் குமிழி பெரிதாக இருக்கும், நுரை நிற்காது. அதில் ஒழுகுகிறதா என்று மட்டும் பாருங்கள். கடல் தண்ணீரில் போட்ட பிறகும் புது பைப்பின் எண்ணெய்ப் பிசுக்கு போகச் சில நாள் ஆகும்.

சிலிக்கான்

பூஞ்சைத் தடுப்பு கலந்த பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம். புளிப்பு வாடை போகும்வரை தண்ணீர் விடவும் வேண்டாம்.

பாறை

கரையில் ஒதுங்கிக் கிடக்கிறதே என்று பவளக் கல்லைப் பொறுக்கி வராதீர்கள். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்த கல்லாக இருந்தாலும் வழக்குதான். கடல் குதிரைக்கும் இதே சட்டம்.

சிமெண்டோடு உடைத்த கிளிஞ்சலைக் கலந்து, குழிகுழியாக விட்டு நீங்களே வார்க்கலாம். இதிலும் அவசரப்படுகிறார்கள். புது சிமெண்ட் காரத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, அடிக்கடி தண்ணீரை மாற்றி, வாரக்கணக்கில் காத்திருங்கள். இரண்டு நாள் மாற்றாமல் விட்ட தண்ணீரிலும் பி.எச். 8.4ஐத் தாண்டாமல் நின்றால் தொட்டிக்குள் இறக்கலாம்.

விசிறி

சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறும். 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவிலேயே சூட்டில் பவளம் வெளுத்தது, கண்ணாடி மூடி போட்ட தொட்டி எம்மாத்திரம்? மூடியை எடுத்துவிட்டுத் தண்ணீர்மேல் படும்படி விசிறி வையுங்கள், அது 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறியாக இருக்கட்டும். 230 வோல்ட் மேஜை விசிறியைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்கு மேலே தொங்கவிட்ட போட்டோ போன வாரம் வந்தது. அவருக்குப் பதில் எழுதவில்லை, நேராகப் போன் போட்டு முதலில் அதை அவிழ்க்கச் சொன்னேன். அன்றே எலக்ட்ரீஷியனை வரவழைத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனை அறுக்கும் சுவிட்ச்) மாட்டவும் சொன்னேன்.