சி.எம்.சி. பக்கத்தில் வாடகை வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, எந்த வளாகம் என்று பார்க்காமலே பிரதான மருத்துவமனைப் பக்கமுள்ள தோட்டப்பாளையத்தில் வீடு பிடித்துவிடுவது. கண் சிகிச்சை ஆரணி ரோட்டில், ஷெல் மருத்துவமனையில். மனநலப் பிரிவு பாகாயத்தில். 2022-ல் திறந்த ராணிப்பேட்டை வளாகமோ பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில். சில பெரிய துறைகள் இப்போது அங்கேதான். அப்பாயின்ட்மென்ட் சீட்டை ஒரு தடவை பார்த்தால் தினமும் இரண்டு வேளை ஆட்டோ செலவு மிச்சம்.

காட்பாடி ஸ்டேஷனில் இறங்கியதும் வீடு காட்டுகிறேன் என்று வருபவரின் கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும். முதல் நாளே ஒரு மாத வாடகையைக் கட்டாதீர்கள். டாக்டர் பார்த்து, டெஸ்ட் முடிவு வந்த பிறகுதான் பத்து நாளா, மூன்று மாதமா என்று தெரியும். அதுவரை லாட்ஜில் நாள் வாடகை போதும். முன்னதாக டிஸ்சார்ஜ் ஆனால் மீதிப் பணம் உண்டா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு காலி செய்யும் அன்று நிற்காது.

வீடு பார்க்கப் போகும்போது இஞ்ச் டேப் எடுத்துப் போங்கள். பாத்ரூம் கதவு இரண்டரை அடி என்பார்கள். நிலையின் இரு பக்கக் கட்டையையும் கழித்தால் உள்ளே இரண்டடிதான் தேறும். சாதாரண வீல்சேரே 25, 26 அங்குல அகலம். நோயாளியை வாசலிலேயே இறக்கித் தூக்க வேண்டியதுதான். லிஃப்ட் இருக்கிறது என்றாலும், அதை எட்டவே நாலு படி ஏற வேண்டிய கட்டடங்கள் உண்டு. கரண்ட் போனால் லிஃப்ட் ஓடுமா என்றும் கேளுங்கள்.

உறுப்பு மாற்று, கீமோ நோயாளிகளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். புதுச் சுண்ணாம்பைப் பார்த்து ஏமாறாமல் பீரோவை நகர்த்திச் சுவரைத் தடவிப் பாருங்கள். ஓதமோ கறுப்புப் பூஞ்சையோ இருந்தால், பால்கனியில் புறா எச்சம் கிடந்தால், வாடகை பாதியாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம்.

மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடு மே மாதத்தில் அடுப்பு. ஏசி இல்லாமல் முடியாது, கரண்ட் பில்லும் எகிறும். பல இடங்களில் தனி சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். ரேட்டைக் கேட்டுக்கொண்டு, குடிபுகும் அன்றே ரீடிங்கை போனில் படம் எடுத்துவிடுங்கள்.

இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று: வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிவது வீட்டுக்காரர் பொறுப்பு. பாஸ்போர்ட், விசா நகல் கேட்காமலே சாவியை நீட்டுகிறாரா? வேறு வீடு பாருங்கள்.