பிரிட்டிஷ் நினைவு நாணயங்களையும் புரூஃப் நாணயங்களையும் மதிப்பிடுவது எப்படி?

இலங்கைத் தோட்டங்களுக்கோ இங்கிலாந்து மருத்துவமனைகளுக்கோ வேலைக்குப் போய்வந்தவர்கள் உள்ள நெல்லைச் சீமைக் குடும்பங்களில், பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பெரிய வெள்ளை நாணயம் ஒன்றிரண்டு கிடைப்பது அரிதல்ல. ஒரு பக்கம் எலிசபெத் அரசி இருப்பார். மறுபக்கம் சர்ச்சிலோ, சார்லஸ்–டயானா இணையோ இருப்பார்கள். அரசி படம் போட்ட பழைய காசு லட்சக்கணக்கில் விலைபோகும் என்று கைப்பேசிக் காணொளிகள் சொல்வதைக் கேட்டுக் கனவு காண்பவர்களும், எதுவும் தேறாது என்று பேரப்பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுபவர்களும் நம்மிடையே உண்டு. எத்தனை அச்சிட்டார்கள், எந்த உலோகத்தில் அச்சிட்டார்கள், எந்த முறையில் அச்சிட்டார்கள், இன்று எந்த நிலையில் இருக்கிறது என்ற நான்கையும் பார்த்துவிட்டால் இரு தரப்பினரும் செய்யும் தவறைத் தவிர்த்துவிடலாம்.

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். கிரவுன் எனப்படும் இந்தப் பெரிய நாணயங்களில், 1965-இல் வந்த சர்ச்சில் கிரவுன் ஏறத்தாழ 1.96 கோடி அச்சிடப்பட்டது. 1977-ஆம் ஆண்டின் வெள்ளிவிழா கிரவுன் சுமார் 3.7 கோடி; 1981-இன் திருமண கிரவுன் சுமார் 2.68 கோடி. புழங்கும் காசு தேய்ந்து மறையும். நினைவுக்காகவே வாங்கிய காசை யாரும் செலவழிப்பதில்லை. எனவே இவற்றில் பெரும்பகுதி இன்றும் புத்தம் புதிதாகவே உலகெங்கும் கிடக்கிறது, விலையும் ஏறவில்லை. ஆண்டு முந்தியது என்பதாலும் விலை வந்துவிடாது. 1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவுக்கு வந்த கிரவுன் 7,14,769. அதற்கு முந்தைய 1934-ஆம் ஆண்டின் சாதாரண கிரவுனோ வெறும் 932. விழாவும் விளம்பரமும் இல்லாத அந்த 932-க்குத்தான் சேகரிப்பாளர்கள் பெருந்தொகை கொடுக்கிறார்கள். அதனாலேயே அதற்குப் போலிகளும் மிகுதி. அப்படியொன்று கையில் வந்தால் முதலில் ஐயப்படுவதே முறை.

அடுத்தது உலோகம். பிரிட்டனில் 1920-க்கு முன் வெள்ளிக் காசுகளில் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி இருந்தது. 1920 முதல் 1946 வரை 50 பங்கு. 1947 முதல் புழக்கத்துக்கான காசுகளில் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும்தான். ஆனால் 1972 முதல் வந்த நினைவு கிரவுன்களில் சேகரிப்பாளர்களுக்கென்று 92.5 பங்கு வெள்ளியில், தனி மெருகுடன் அச்சிடும் புரூஃப் நாணயங்களும் தனியே அச்சிடப்பட்டன. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: 1977, 1981 கிரவுன்கள் வெள்ளியானாலும் செம்பு-நிக்கலானாலும் 28.28 கிராம் எடையும் 38.61 மில்லிமீட்டர் குறுக்களவும் கொண்டவை. வெறும் தராசு இரண்டையும் பிரித்துக் காட்டாது.

பெட்டி இல்லாத சாதாரண நாணயமானால் தண்ணீரில் சோதிக்கலாம். இரண்டு தசமம் வரை காட்டும் நகைத் தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, தம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல், முழுவதும் அமிழும்படி பிடித்துக்கொள்ளுங்கள். தராசு ஏறத்தாழ 2.7 கிராம் காட்டினால் வெள்ளி, 3.2 கிராம் காட்டினால் செம்பு-நிக்கல். புரூஃப் நாணயத்துக்கு இந்தச் சோதனை வேண்டாம், அதன் முகத்தில் தண்ணீர்க் கறையே குறையாகிவிடும். நகைக்கடைகளிலும் ஹால்மார்க் நிலையங்களிலும் உள்ள கேரட் மீட்டர் என்ற உலோகக் கலவை காட்டும் கருவியில் உரைக்காமலே பார்த்துவிடலாம். எந்தக் கடை அண்ணாச்சியானாலும், எவ்வளவு பழக்கமானவரானாலும், உரைகல்லில் மட்டும் உரைக்க விடாதீர்கள்.

வெள்ளி என்று உறுதியானால், ஒரு கிரவுனில் 26.16 கிராம் தூய வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிப்படை மதிப்பு கிடைக்கும். 1981-ஆம் ஆண்டு வெள்ளி புரூஃப் மட்டுமே இரண்டு லட்சத்துக்கு மேல் வெளியானதால், அதன் விலை பெரும்பாலும் இந்த அடிப்படையை ஒட்டியே நிற்கிறது.

மூன்றாவது அச்சிட்ட முறை. மெருகேற்றிய அச்சையும் மெருகேற்றிய வெற்று உலோக வில்லையையும் கொண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி எடுப்பது புரூஃப். நல்ல புரூஃபில் வெற்றிடம் கண்ணாடிபோல் முகம் காட்டும், உருவம் பனி படர்ந்ததுபோல் மங்கிய வெண்மையாக நிற்கும். பளபளப்பதெல்லாம் புரூஃப் ஆகிவிடாது. 1951-இல் பிரிட்டன் விழாவுக்காகப் பெட்டியில் வைத்து விற்ற கிரவுன்கள் ஏறக்குறைய 20 லட்சம். அனைத்தும் புரூஃபைப் போல மின்னுவதால் அந்தப் பெயரிலேயே விற்கப் பார்க்கிறார்கள். 1935 கிரவுனிலோ விளிம்பைப் பார்க்க வேண்டும். சாதாரண நாணயத்தில் விளிம்பு எழுத்துகள் உள்ளே குழிந்திருக்கும், 92.5 பங்கு வெள்ளியில் 2,500 மட்டுமே செய்யப்பட்ட புரூஃபில் அவை மேலே புடைத்திருக்கும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிவைப்பது வீண்செலவல்ல.

பிழையும் சில நேரம் விலையாகும். 1983-ஆம் ஆண்டின் இரண்டு பென்ஸ் நாணயம் தொகுப்புகளில் மட்டுமே வந்தது. அவற்றில் சிலவற்றில் ‘டூ பென்ஸ்’ என்பதற்குப் பதிலாகப் பழைய அச்சின் ‘நியூ பென்ஸ்’ இருக்கிறது. அது பல நூறு பவுண்டு பெறும். இங்கிலாந்திலிருந்து பிள்ளைகள் விடுமுறைக்குக் கொண்டுவரும் சில்லறையையும் ஒரு பார்வை பாருங்கள்: கியூ தோட்டத்தின் அடுக்குக் கோபுரம் பொறித்த 2009-ஆம் ஆண்டு 50 பென்ஸ் 2.10 லட்சம்தான் வெளியானது, கேட்பவர்களோ ஏராளம்.

நிலையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீறு போட்டும், செம்புக் குடத்தைப் புளி போட்டும் துலக்குவது வழக்கம். அதே கையால் நாணயத்தையும் துலக்கிவிடுகிறார்கள். அதில் விழும் நுண்கீறல்கள் லென்ஸில் சிலந்திவலைபோல் தெரியும், சேகரிப்பாளர் அதைக் கண்டதும் உலோக விலைக்கு மேல் பேச மாட்டார். கறுத்த வெள்ளியைக் கறுப்பாகவே விட்டுவிடுங்கள். விளிம்பை மட்டும் பிடித்து எடுங்கள். மென்மையான பி.வி.சி. உறைகள் நாளடைவில் பச்சைப் பிசினைக் கக்கும். ரப்பர் பேண்டு வெள்ளியைக் கறுக்கவைக்கும். காயல்பட்டினம், உவரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்வதால், காற்றுப் புகாத கடின அக்ரிலிக் கேப்சூலில் இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைப்பது அவசியம். அரச நாணயச்சாலையின் பெட்டியும் சான்றிதழும் இருந்தால் பிரிக்காதீர்கள். புரூஃப் விற்கும்போது அவையும் விலையில் ஒரு பங்கு.

சவரன் என்ற பிரிட்டிஷ் தங்க நாணயம் இருந்தால் கணக்கு வேறு. 7.98 கிராம் எடையுள்ள 22 கேரட் தங்கம் என்பதால் அதன் விலை தங்கத்தோடு ஏறி இறங்கும். 1918-இல் மட்டும் பம்பாயில் அச்சிட்டவற்றில், மறுபக்கத்துக் குதிரையின் கீழ்த் தரைக்கோட்டில் ‘I’ என்ற சிறு ஆங்கில எழுத்து இருக்கும். ஏறக்குறைய 13 லட்சம் அச்சிட்டதால் அதுவும் பேரரிதன்று. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த சவரனுக்குத் தங்க விலை மட்டுமே உண்டு, வளையத்தை எடுத்தாலும் தழும்பு போகாது.

விலை அறிய, இணைய ஏலத் தளங்களில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்க்காமல் விற்று முடிந்தவற்றின் விலையைத் தேடுங்கள். வணிகர் வாங்கும் விலை அதைவிடக் குறைவாகவே இருக்கும், அது அவருடைய பிழைப்பு. முகமதிப்பு 5 பவுண்டு உள்ள பிற்காலக் கிரவுனை வங்கியில் மாற்றிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். பிரிட்டனிலேயே அந்தக் காசைக் கடைகளும் வங்கிகளும் ஏற்றாக வேண்டியதில்லை. நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருவதால், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. அத்தகையதை உள்நாட்டு ஏல நிறுவனங்கள் வழியாக, ரசீது பெற்றுக்கொண்டு விற்பதே பாதுகாப்பானது.