எஞ்சின்எக்ஸ் சேவையகத்தை நிறுத்தாமல் புதுப்பித்தல்

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றின் இணையத்தளத்தை நிறுத்திவைக்க எவரும் துணியார். ஆயினும், எஞ்சின்எக்ஸ் (nginx) என்ற இணையச் சேவையக மென்பொருளின் பாதுகாப்புத் திருத்தத்தை இணைப்புகள் அறுபடாமலே நிறுவலாம்.

பழைய இயங்குகோப்பை (நிரலாக இயங்கும் கோப்பை) பிரதியெடுத்து வைத்த பின், புதியதையும் அதே பதிப்புக்கெனத் தொகுத்த மொடியூல்களையும் (கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் கோப்புகளையும்) உரிய இடத்துக்கு நகர்த்துங்கள். இயங்கிக்கொண்டிருக்கும் மொடியூல் கோப்பின் மீது நேரடியாக மேலெழுதினால் சேவையகம் அந்தக் கணமே குலையலாம். பதிப்பு பொருந்தாத மொடியூல் ஏற்றப்படாது என்பதால், அமைவுக் கோப்பைப் புதிய இயங்குகோப்பினால் சோதியுங்கள்.

பின்னர், கோரிக்கைகளைக் கவனிக்கும் துணைச் செயல்முறைகளை மேற்பார்வையிடும் முதன்மைச் செயல்முறைக்கு யுஎஸ்ஆர்2 (USR2) சைகையை, அதாவது இயங்கும் நிரலுக்கு இயக்குதளம் வழியாகச் செல்லும் குறுங்கட்டளையை, அனுப்பினால், புதிய முதன்மையும் அதன் துணைச் செயல்முறைகளும் பழையவற்றுடன் சேர்ந்தே இயங்கும். பழைய முதன்மைக்கு வின்ச் (WINCH) சைகை அனுப்ப, அதன் துணைச் செயல்முறைகள் கையிலுள்ள கோரிக்கைகளை முடித்துவிட்டு விலகும். இங்கே அவசரம் கூடாது: கோளாறு தென்பட்டால், பழைய முதன்மை தன் துணைச் செயல்முறைகளை மீண்டும் தொடங்க அதற்கு எச்யுபி (HUP) சைகையும், புதியது வேலையை முடித்து நிற்க அதற்குக் குவிட் (QUIT) சைகையும் அனுப்பிப் பின்வாங்கலாம். பிழைப்பதிவில் புதிய முறைப்பாடு எதுவுமில்லையெனில் மட்டுமே பழையதற்குக் குவிட் அனுப்புங்கள்.